கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: வீடு, காணி வாங்குவோர் கேள்வி – பதில்

வீடு, காணி வாங்குவது பற்றித் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர், உறுதி (காணிப் பத்திரம்) இலக்கம் போன்ற விபரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: உவர்மலையில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விற்பவரின் குடும்ப லோயரே உறுதியை முடித்துத் தருவாராம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் என்றால் செலவு குறையும் என்கிறார் தரகர். சம்மதிக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

பதில்: வேண்டாம். உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கட்டணத்தையும் முத்திரை வரியையும் கட்டுவது வழமையாக வாங்குபவர்தான். பணம் கட்டுகிறவர் நீங்கள் என்றால் ஆளைத் தெரிவதும் நீங்களாகவே இருக்க வேண்டும். விற்பவரின் லோயர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனால் காணியில் ஒரு வில்லங்கம் அவர் கண்ணில் பட்டால் அதை முதலில் யாரிடம் சொல்வார்? பல வருடமாக அந்தக் குடும்பத்தின் காரியங்களைப் பார்ப்பவர், அவர்களது இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்.

லோயர் எல்லோரும் நொத்தாரிசு அல்ல என்பதையும் கவனியுங்கள். உறுதியை அத்தாட்சிப்படுத்த நொத்தாரிசுக்கான நியமனப் பத்திரம் தனியாக வேண்டும். அந்தப் பத்திரத்தில் எந்த மொழியில், எந்தப் பிரதேச எல்லைக்குள் தொழில் செய்யலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அதோடு ஆண்டுதோறும் சான்றிதழும் பெற வேண்டும். தமிழில் உறுதி எழுத அனுமதியுள்ளவரா, திருகோணமலைக்கு நியமனம் உள்ளவரா, இந்த வருடச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஒழுங்காகத் தொழில் செய்பவர் சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டுவார்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "உறுதி மட்டும் எழுதித் தருவீர்களா, உரித்தும் பார்த்துத் தருவீர்களா?" இந்த இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்னார், இன்ன இரு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருக்க, இன்ன திகதியில், என் முன் கையெழுத்து வைத்தார். நொத்தாரிசின் அத்தாட்சி சாரத்தில் சொல்வது இதைத்தான். காணி அந்த 'இன்னாருக்கு'ச் சொந்தம் என்று அது எங்கும் சொல்லவில்லை. உரித்து பார்ப்பது, அதாவது காணி உண்மையில் யாருக்குச் சொந்தம் என்று பழைய உறுதிகளில் தேடுவது, தனி வேலை. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுங்கள். ஆனால் வாய்ச்சொல்லாக அன்றி, எத்தனை வருடத்துக்குப் பார்த்தார், எந்தெந்த உறுதிகளைப் பார்த்தார், என்ன குறை கண்டார் என்று எழுத்தில் ஓர் உரித்து அறிக்கை வாங்குங்கள்.

கட்டணத்தை முதல் நாளே பிரித்து எழுதச் சொல்லுங்கள்: நொத்தாரிசுக் கட்டணம், முத்திரை வரி, பதிவுக் கட்டணம், தேடுதல் செலவு என்று. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்பவரிடம் பிறகு கணக்குக் கேட்க முடியாது.

கேள்வி: பாலையூற்றில் 12 பேர்ச் காணியும் பழைய வீடும். 5 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்து, வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் வைத்திருக்கிறோம். இப்போது விற்பவர் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுக்கப் பார்க்கிறார். தடுக்கலாமா?
– முச்சக்கர வண்டி ஓட்டுநர், பாலையூற்று

பதில்: அந்தத் தாளை வைத்து "எனக்கே எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் 2-ம் பிரிவு காணி விற்பனைக்கு மட்டுமல்ல, பிற்பாடு விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் பொருந்தும். அதுவும் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகள் முன் எழுதப்பட்டிருந்தால்தான் செல்லும். எத்தனை முத்திரை ஒட்டினாலும், ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கையெழுத்து வைத்தாலும் அந்தக் குறை தீராது.

ஆனால் கொடுத்த பணம் போய்விடவில்லை. பணம் வாங்கியதற்கு அந்தத் தாள் சாட்சி. அதை வைத்து 5 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். உடனே ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே நொத்தாரிசு முன் விற்பனை உடன்படிக்கை எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அதில் முழு விலை, கொடுத்த முற்பணம், மிகுதியைக் கட்டும் கடைசித் திகதி, உரித்தில் குறை தெரிந்தால் முற்பணத்தை எத்தனை நாளில் திருப்புவது, எந்தப் பக்கம் பின்வாங்கினால் என்ன நட்டஈடு என்ற ஐந்தும் இருக்க வேண்டும். நான்காவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், உரித்து சரியில்லை என்று நீங்கள் விலகினாலும் "நீதானே பின்வாங்கினாய்" என்று முற்பணத்தை விற்பவர் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: "காணிப் பதிவகத்தில் தேடியாயிற்று, சுத்தமான காணி" என்கிறார்கள். அந்தத் தேடுதலில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள்? நாமே பார்க்க முடியாதா?
– வங்கி ஊழியர், அன்புவழிபுரம்

பதில்: முடியும். பதிவேடுகள் எவரும் பார்க்கக்கூடியவை. விண்ணப்பம் எழுதிக் கட்டணம் கட்டினால் பார்க்கலாம், அத்தாட்சிப்படுத்திய பிரதியும் எடுக்கலாம். தோம்பு என்று பழைய ஆட்கள் சொல்வதும், எக்ஸ்ட்ராக்ட் என்று லோயர்மார் சொல்வதும் இந்த ஃபோலியோ பிரதியைத்தான்.

ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு; அதுதான் ஃபோலியோ. மேலே காணியின் பெயர், எல்லைகள், விஸ்தீரணம். கீழே வரிசையாக ஒவ்வொரு உறுதியும்: கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசு, பதிந்த நாள். பக்கம் நிரம்பினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். காணி துண்டானால் துண்டுகளுக்குப் புதுப் பக்கங்கள் திறந்திருக்கும். தேடுதல் என்பது இந்தச் சங்கிலியில் கணு விடாமல் பின்னோக்கிப் போவது. வங்கிகள் கடன் கொடுக்கும்போது 30 வருட உரித்தைக் கேட்பது வழக்கம். கடன் எடுக்காமல் கைக்காசில் வாங்குபவரும் அந்த அளவைக் குறைக்கக் கூடாது. 30 வருடத்தோடு நின்றுவிடாமல், ஒரு நல்ல வேர் கிடைக்கும்வரை போவது உத்தமம். அரச அளிப்பு ஒரு வேர். பிரிவிடல் வழக்கின் (கூட்டுக் காணியைப் பங்கிடும் வழக்கு) இறுதித் தீர்ப்பு இன்னும் உறுதியான வேர்.

பார்க்கும்போது நான்கு விஷயத்தில் கண் இருக்கட்டும். ஈடு வைத்த பதிவு இருந்தால், அதற்கு எதிராக மீட்புப் பதிவும் இருக்கிறதா? "கடன் கட்டி முடிந்தது" என்ற வங்கிக் கடிதம் மட்டும் போதாது. நீதிமன்றம் காணியைக் கைப்பற்றிய அறிவித்தல் இருக்கிறதா? நிலுவையிலுள்ள வழக்குப் பற்றிய பதிவு இருக்கிறதா? 1977-ம் ஆண்டின் 21-ம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்படி, வழக்குப் பதிவான பின் இறுதித் தீர்ப்பு வரும்வரை செய்யும் விற்பனை செல்லாது. கடைசியாக, இந்தக் காணிக்கு எந்த உறுதி பதிய வந்தாலும் தங்களுக்கு அறிவிக்கும்படி எவராவது கேவியற் (முன்னெச்சரிக்கை மனு) போட்டிருக்கிறார்களா?

சுத்தமான ஃபோலியோ என்றால் சுத்தமான காணி என்று அர்த்தமில்லை. பதியப்படாத உறுதி அதில் தெரியாது. மரணத்தால் பிள்ளைகளுக்கு வந்த பங்கு தெரியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலி எங்கே நிற்கிறது என்பது தெரியாது. உரிமையே இல்லாதவர் எழுதிய உறுதியும் பதிவாகும்; பதிவாளர் கடதாசியைப் பதிகிறார், உரிமையை விசாரிப்பதில்லை. ஆகவே ஒரு நாள் மாலையில் நேரே போய், பக்கத்து வீட்டாரிடமும் கிராம சேவையாளரிடமும் விசாரியுங்கள். அந்தத் தேடுதலுக்குக் கட்டணம் ஒரு பிளேன்ரீ.

நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டப்படி, காணி உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. ஆனால் கட்சிக்காரர் தேடுதல் வேண்டாம் என்று சொன்னால் அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடலாம். உங்கள் உறுதியில் "தேடுதல் தேவையில்லை எனக் கூறினர்" என்ற வகையில் ஒரு வரி இருந்தால், அது எப்படி வந்தது என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

உறுதியின் தலைப்பில் முற்பதிவு இலக்கம் (காணி ஏற்கெனவே பதிந்திருக்கும் ஃபோலியோவின் இலக்கம்) எழுதப்படும். இதை, நீங்கள் எடுத்த ஃபோலியோ பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இலக்கம் பிழைத்தால் உங்கள் உறுதி வேறு பக்கத்தில் போய்ப் பதியும். 1927-ம் ஆண்டின் 23-ம் இலக்கப் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முதலில் எழுதிய உறுதி பதியப்படாமல் இருந்து, அதே காணியைப் பின்னால் விலைக்கு வாங்கியவர் தன் உறுதியை முறையாகப் பதிந்தால் அவருடையதே மேலோங்கும். பிழையான பக்கத்தில் பதிந்ததை 'முறையான பதிவு' என்று சொல்ல முடியாது.

தேடுதல் எடுத்து மூன்று மாதம் கழித்துக் கையெழுத்து வைக்கிறீர்களா? அன்று காலையில் ஒருமுறை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவிலுள்ள என் அண்ணனுக்காக நிலாவெளியில் கடற்கரைப் பக்கம் 20 பேர்ச் பார்க்கிறோம். விற்பவரிடம் இருப்பது அவரே எழுதிய ஆட்சியுரிமைப் பிரகடன உறுதி. நில அளவைப் படமும் இருக்கிறது. விலை பக்கத்துக் காணிகளைவிடக் குறைவு. அண்ணன் கனடியப் பிரஜை.
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: விலை ஏன் குறைவு என்பதற்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பிரகடன உறுதி என்பது "இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு மேல் நான் ஆண்டு வருகிறேன்" என்று ஒருவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் கூற்று. 1871-ம் ஆண்டின் 22-ம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் உரிமைக்கு எதிராக, இடையூறின்றித் தொடர்ந்து 10 வருடம் ஆண்டவருக்கு உரிமை கிடைக்கலாம். கிடைத்ததா என்பதை முடிவு செய்வது நீதிமன்றம், உறுதி அல்ல. வாடகைக்கு இருந்தவர், காவலுக்கு இருந்தவர், கூட்டுச் சொந்தக்காரரில் ஒருவர் ஆகியோர் வெறுமனே இருந்த காரணத்தால் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. அரச காணி என்றால் இந்தப் பத்து வருடக் கணக்கே செல்லாது. பற்றைக் காடாகக் கிடந்த நிலம் என்றால் சட்டம் இன்னும் கடுமை: 1840-ம் ஆண்டின் 12-ம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரில்லா நிலமும் அரசுடையவை என்று ஊகித்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தை மற்றவர் தலையில் வைக்கிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் யுத்த காலத்தில் ஆட்கள் இடம்பெயர்ந்து, பல காணிகள் வருடக்கணக்காக வெறுமையாய்க் கிடந்தன. பத்து வருடம் யார் ஆண்டது என்ற கேள்விக்கு அங்கே இலகுவான பதில் இல்லை. உண்மைச் சொந்தக்காரர் பழைய உறுதியோடு வந்து நின்றால் உங்கள் அண்ணன் வழக்கில் சிக்கித்தான் நிற்பார்.

நில அளவைப் படத்தை நம்பி ஏமாறாதீர்கள். அனுமதி பெற்ற நில அளவையாளர் காட்டப்பட்ட எல்லையை அளந்து வரைகிறார். யாருடையது என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. குச்சவெளிப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தத் துண்டு அரச காணியா, ஏதாவது திணைக்களத்துக்கு ஒதுக்கியதா என்று எழுத்தில் கேளுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் கிராமப் படத்தில் அது எந்தத் துண்டுக்குள் விழுகிறது என்று உங்கள் நில அளவையாளரைக் கொண்டு பொருத்திப் பாருங்கள்.

கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் போட, 1981-ம் ஆண்டின் 57-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காணியை வாங்கிவிட்டு வீடு கட்ட முடியாமல் தென்னை நட்டு வைத்திருப்பவர்கள் அந்தக் கரையில் உண்டு.

அண்ணன் விஷயம்: 2014-ம் ஆண்டின் 38-ம் இலக்கக் காணி உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு. அவர் முதலில் அதை எடுக்கட்டும். "உன் பெயரில் வாங்கி வை, பிறகு பார்ப்போம்" என்று சொன்னால், சட்டத்தின் கண்ணில் அது உங்கள் காணி. உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைகளின் காணி. அண்ணன் தங்கைக்குள் மனக்கசப்பு வர இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை.

கேள்வி: தம்பலகாமத்தில் பேர்மிட் காணி ஒன்று மலிவாக வருகிறது. நொத்தாரிசு ஒருவர் எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்.
– விவசாயி, தம்பலகாமம்

பதில்: அந்த நொத்தாரிசை விட்டு விலகுங்கள். 1935-ம் ஆண்டின் 19-ம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி இன்னும் அரச காணிதான். விற்க அனுமதிப்பத்திரக்காரருக்கு உரிமையில்லை. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூட பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே பெற்றுத்தான் கைமாற்றலாம். சம்மதமில்லாத கைமாற்றம் செல்லாது. அப்படியான பத்திரத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அளிப்பில் குறித்த ஆகச் சிறிய அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. இந்தக் காணிகளுக்குப் பதிவகத்தில் தனிப் பதிவேடு உண்டு. சாதாரண ஃபோலியோவில் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று வந்துவிடக் கூடாது.

கேள்வி: கிண்ணியாவில் வாங்கப் போகும் வீடு விற்பவரின் வாப்பா பெயரில் இருக்கிறது. வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவும் இரண்டு ஆண் மக்களும் கையெழுத்து வைப்பார்களாம். மகள் கட்டாரில்; "அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்கிறார்கள்.
– வியாபாரி, கிண்ணியா

பதில்: சொல்ல மாட்டாள் என்பதை அவரே கையெழுத்தில் சொல்லட்டும்.

வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை, வேறு மனைவியோ பிள்ளைகளோ இல்லை என்று வைத்துக்கொண்டால் பங்கு இப்படி வரும்: உம்மாவுக்கு 8-ல் 1. மிகுதி 8-ல் 7-ஐ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்தால், முழு வீட்டையும் 40 பங்காக வைத்து உம்மாவுக்கு 5, ஒவ்வொரு மகனுக்கும் 14, மகளுக்கு 7. மூன்று பேர் மட்டும் கையெழுத்து வைத்தால் முழு விலைக்கும் நீங்கள் வாங்குவது 40-ல் 33 பங்கு. கட்டாரிலுள்ள மகள் உங்கள் கூட்டுச் சொந்தக்காரி. நாளைக்கு அவரோ அவரது பிள்ளைகளோ பிரிவிடல் வழக்குப் போடலாம்.

அவர் வர முடியாவிட்டால் அங்கேயுள்ள இலங்கைத் தூதரகம் மூலம் அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். வாரிசுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர் இருந்தால் அவரது பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாயின் கையெழுத்து போதாது. இறந்தவரின் சொத்துப் பெறுமதி சட்டம் வைத்த எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு ஒப்படைக்கும் வழக்கு) முடிந்த பிறகுதான் வாங்க வேண்டும். "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னால் காத்திருங்கள்.

தமிழ்க் குடும்பங்களில் வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை, கணக்குத்தான் வேறு. பொதுச் சட்டப்படி மரணசாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. விற்பவர் யாழ்ப்பாணத்தை அடியாகக் கொண்டு, தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். காலத்துக்கு ஒவ்வாத விதி என்றே சொல்லலாம். ஆனால் ஏட்டில் இருக்கும்வரை, அந்தக் கையெழுத்து இல்லாத உறுதியை வாங்குபவர்தான் கஷ்டப்படுவார்.

கேள்வி: முத்திரை வரி எப்படிக் கணக்கிடுவது? விலையைக் குறைத்து எழுதலாம் என்கிறார்களே?
– இளம் தம்பதியர், உப்புவெளி

பதில்: விற்பனை உறுதிக்கு முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்பது கணக்கு. 50 இலட்ச ரூபா வீட்டுக்கு 3,000-மும் 1,96,000-மும் சேர்த்து 1,99,000 ரூபா. இலகுவாக மனதில் வைக்க: மொத்தத்தில் 4 வீதம் எடுத்து 1,000 கழியுங்கள். வரி மாகாணத்துக்குப் போகிறது. கையெழுத்து வைக்கும் நாளில் நடைமுறையிலுள்ள வீதத்தை நொத்தாரிசிடம் உறுதிப்படுத்துங்கள். கட்டிய வங்கிச் சீட்டின் பிரதியையும் வாங்கி வையுங்கள்.

வரி கணக்கிடப்படுவது சந்தைப் பெறுமதியில். நீங்கள் எழுதிய விலையில் அல்ல. குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் மதிப்பிட்டு மிகுதியைக் கேட்கும். அதைவிட மோசம், உரித்தில் குறை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டி வரும்போது 50 இலட்ச வீட்டுக்கு உறுதியில் நீங்கள் குறைத்து எழுதிய 20 இலட்சம் என்றுதான் இருக்கும். மற்ற 30 இலட்சத்துக்குச் சாட்சி கடவுள். முழுத் தொகையையும் வங்கிக் கட்டளையாகக் கொடுங்கள். பணம் நொத்தாரிசின் முன் கைமாறியதா என்பது அத்தாட்சிக் குறிப்பில் எழுதப்படும். அந்த வரியும் வங்கிக் கட்டளை இலக்கமும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பவர் பிரான்ஸில். அவரது மைத்துனர் அற்றோர்ணித் தத்துவத்தோடு வந்து விற்கிறார்.
– வாசகர், மூதூர்

பதில்: தத்துவத்தின் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கி வாசியுங்கள். 'பராமரிக்க', 'வாடகைக்கு விட' என்று மட்டும் இருந்தால் விற்க முடியாது; இந்தக் காணியை விற்று விலைப்பணம் பெற என்று தெளிவாக இருக்க வேண்டும். இலங்கையில் பதிவாகியிருக்கிறதா, பிறகு இரத்துச் செய்யப்பட்டதா என்று தேடச் சொல்லுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்தது. ஆகவே கையெழுத்து நாளில் அவரோடு வீடியோ அழைப்பில் நொத்தாரிசு முன்னிலையில் பேசிவிடுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் உள்ள காணிகளில்தான் ஆள்மாறாட்டம் அதிகம் நுழைகிறது. பணத்தை மைத்துனர் கையில் அல்ல, சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள்.

கேள்வி: மகன் லண்டனில் வீடு வாங்க சொலிசிற்றர் மாதக்கணக்கில் இழுத்தார். இங்கே ஒரே நாளில் உறுதி முடிகிறது. நம் முறைதானே நல்லது?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: அங்கே இழுத்த மாதங்களில் நடந்தது விசாரணை. இங்கிலாந்தில் ஒப்பந்தப் பரிமாற்றம் வரை எந்தப் பக்கமும் கட்டுப்படுவதில்லை. அதற்குள் உள்ளூராட்சி சபையில் தேடுதல், உரித்துக் கேள்விகள் எல்லாம் முடிய வேண்டும். முடிந்தபின் வழமையாக 10 வீத வைப்புப் பணத்தோடு பரிமாற்றம், பிறகு ஒரு நாள் குறித்து முழுப்பணம். அங்கே பதிவேட்டில் உள்ள உரிமைக்கு அரசே பொறுப்பு. இங்கே பதிவேடு உறுதிகளின் பட்டியல் மட்டும். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் 1998-ம் ஆண்டின் 21-ம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம். பிம்சவிய என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நடைமுறைக்கு வந்த காணிக்கு உறுதிக்குப் பதில் உரித்துச் சான்றிதழ். மற்றவற்றுக்கு அந்த மாதக்கணக்கு விசாரணையை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: வீடு வங்கியில் ஈட்டில் இருக்கிறது. "பணத்தைத் தாருங்கள், மீட்டு எழுதித் தருகிறேன்" என்கிறார் விற்பவர்.
– தாதி உத்தியோகத்தர், திருகோணமலை

பதில்: பணத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். குறித்த திகதிக்கு மீதிக் கடன் எவ்வளவு என்று வங்கியிடமிருந்து கடிதம் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்கு வங்கியின் பெயரில் ஒரு கட்டளை, மிகுதிக்கு விற்பவரின் பெயரில் இன்னொன்று. மீட்பு உறுதியும் விற்பனை உறுதியும் ஒரே நாளில், ஒரே மேசையில். பதியும்போது மீட்பு முதலில், விற்பனை அடுத்து.

அதே வேளையில் உள்ளூராட்சி சபையிடமிருந்து எடுக்க வேண்டியவற்றையும் முடியுங்கள்: தெரு எல்லைச் சான்றிதழ், காணி சபைக்கு உரித்தாகவில்லை என்ற சான்றிதழ், சோலைவரி நிலுவை இல்லை என்ற பற்றுச்சீட்டு, அங்கீகரித்த கட்டட வரைபடம், கட்டடம் அதன்படி முடிந்ததற்கான இசைவுச் சான்றிதழ். பழைய வீடுகளில் பின்னால் இறக்கிய குசினியும் மேல்மாடியும் வரைபடத்தில் இருப்பதில்லை. அடுத்து நீங்கள் விற்கும்போதோ கடன் எடுக்கும்போதோதான் அது தலையிடியாகும்.

கேள்வி: உறுதி எழுதி எட்டு மாதம். கேட்கும் போதெல்லாம் "பதிவுக்குப் போயிருக்கிறது" என்கிறார் நொத்தாரிசு. என்ன செய்வது?
– வாசகி, ஆனந்தபுரி

பதில்: உறுதி மூன்று பிரதியாக எழுதப்படும். மூலம் உங்களுக்கு, இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசின் கோவையில். இணைப்பிரதியை மாதாந்தப் பட்டியலோடு அடுத்த மாதம் 15-ம் திகதிக்குள் அனுப்புவது நொத்தாரிசின் கடமை. ஆனால் இணைப்பிரதி அனுப்புவது வேறு, உங்கள் உறுதியை ஃபோலியோவில் பதிவது வேறு. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமலும் இருக்கலாம்.

அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல், உறுதி இலக்கம், திகதி, முற்பதிவு இலக்கம் ஆகியவற்றோடு நீங்களே பதிவகத்துக்குப் போய்ப் பாருங்கள். பதிந்திருந்தால் உங்கள் பெயர் ஃபோலியோவில் கடைசி வரியாக இருக்கும்; மூல உறுதியில் பதிவு முத்திரையும் ஃபோலியோ இலக்கமும் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் நொத்தாரிசுக்குத் திகதியிட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, மூல உறுதியையும் முத்திரை வரி கட்டிய சீட்டையும் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையேல் பதிவாளர் நாயகத்துக்கு முறையிடலாம். சட்டத்தரணி என்ற வகையில் அவரது நடத்தை பற்றிய முறைப்பாடு உயர் நீதிமன்றத்துக்கு.

மூல உறுதி கிடைத்தவுடன் பதிவை முதலில் முடியுங்கள், முறைப்பாட்டைப் பிறகு எழுதலாம். பதிவு கொடுத்த நேர ஒழுங்கில்தான் விழுகிறது. இந்த எட்டு மாதத்தில் விற்பவர் வேறெவருக்காவது எழுதியிருந்தால், அவருக்கு முன்னால் உங்கள் உறுதி பதிவகத்தின் மேசையில் இருக்க வேண்டும்.